கரும்புச் சாறும் டர்போ எஞ்சினும்: மறைமலை நகரில் பிறந்த ஒரு வண்டியின் முன்கதை



2025 ஆகஸ்டிலிருந்து என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி. "சார், இந்த இ20 பெட்ரோல் போட்டால் வண்டி கெட்டுப் போகுமா?" தங்கை மகன் கேட்டான், கூடுவாஞ்சேரியில் இருக்கும் சம்பந்தி கேட்டார், 1994 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு குழுவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காட்டாங்குளத்தூரிலிருந்து கடற்கரை வரை ரயிலில் போகிறவர்கள் கிண்டிக்குள் படித்து முடித்துவிடலாம்.

அதில் ஒருவன் கேட்ட கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். என்னிடம் வேதியியல் படித்தவன், ஐடிஐ முடித்து மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவன். தான் வேலை செய்த ஆலையிலேயே செய்த ஈக்கோஸ்போர்ட் வண்டி, அதுவும் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் போட்டது, பழையதாக வாங்கி வைத்திருக்கிறான். ஆலை மூடிவிட்டது. வண்டி ஓடுகிறது. தாம்பரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "எத்தனால் பெட்ரோலுக்குத் தகுந்த மாதிரி எஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராம் மாற்றித் தருகிறோம், இருபது குதிரைசக்தி கூடும்" என்று சொன்னார்களாம். செய்யலாமா என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பெட்ரோலில் சாராயம் கலந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அது நீங்கள் நினைப்பதைவிடப் பழைய கதை.

எத்தனால் என்பது வேறொன்றும் இல்லை, எத்தில் ஆல்கஹால். இரண்டு கார்பன், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! சர்க்கரையை ஈஸ்ட் தின்று விடும் கழிவு. சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு, அதாவது மொலாசஸ், அதிலிருந்து காய்ச்சலாம். கரும்புச் சாறிலிருந்தே நேராகக் காய்ச்சலாம். மக்காச்சோளம், உடைந்த அரிசி எதிலும் செய்யலாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் கரும்பு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு, முன்னால் போகவும் முடியாமல் ஒரு கழியை உருவவும் முடியாமல் தவித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

இதை எஞ்சினில் எரிக்கலாம் என்பது மோட்டார் வண்டி பிறந்தபோதே தெரியும். ஃபோர்டு கம்பெனியின் ஹென்றி ஃபோர்டே 1925இல் ஒரு பத்திரிகைக்காரரிடம், வருங்கால எரிபொருள் பழத்திலிருந்தும் களையிலிருந்தும் மரத்தூளிலிருந்தும் வரும், நொதிக்கக்கூடிய எதிலும் எரிபொருள் இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அப்படியானால் ஏன் வரவில்லை? இதில்தான் எனக்குக் கோபம் வரும் ஒரு கிளைக்கதை உண்டு.

எஞ்சினில் 'தட்டுகிறது' என்று மெக்கானிக் சொல்வாரே, அது என்ன? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து பிஸ்டன் அதை நசுக்குகிறது. சரியான நொடியில் பிளக் பொறி விட வேண்டும், தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். நசுக்குவது அதிகமானால் சூடும் அதிகம். பொறியிலிருந்து கிளம்பிய தீ வந்து சேர்வதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். டக் டக் டக் என்று உலோகத்தில் சுத்தியல் அடிப்பது போலச் சத்தம். தொடர்ந்து அப்படி ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். பெட்ரோல் எவ்வளவு தூரம் இந்தத் தானாக வெடிப்பதைத் தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன் எண். அதிக ஆக்டேன் என்றால் அதிக நசுக்கல் தாங்கும், அதே எஞ்சினில் அதிக சக்தி எடுக்கலாம்.

1920க்குச் சற்று முன்னும் பின்னும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி இருவரும் இந்தத் தட்டலுக்கு மருந்து தேடினார்கள். ஆல்கஹால் கலந்தால் தட்டல் நிற்கும் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் இன்னும் துளியளவிலேயே அதைச் சாதிப்பதைக் கண்டார்கள். ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, எந்த விவசாயியும் காய்ச்சலாம். ஈயச் சேர்மத்துக்கு வாங்கலாம். எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டுமா? 1923இல் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகும் விற்றார்கள், உலகம் முழுவதும், முக்கால் நூற்றாண்டு.

நம் ஊரில்? சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில்தான் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, அதுவும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். ஆக, ஜி.எஸ்.டி. சாலையோரப் பள்ளிகளில் என்னிடம் படித்த முதல் பதினைந்து, இருபது செட் மாணவர்கள் எல்லாரும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எத்தனால் மேல் எனக்குக் குறைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஈயத்தின் இடத்தில் அது நூறு வருடம் முன்பே இருந்திருக்கலாம் என்பதையும் மறக்க முடியவில்லை.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். வண்டியின் பின்னால் பெரிய அண்டா மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரியை மூட்டி, அதில் வரும் வாயுவில் ஓடிய 'கரி பஸ்' பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும் என்று என் அப்பா சொல்வார். அதே காலத்தில் வடக்கே சர்க்கரை ஆலைகள் அதிகமாக இருந்த ஐக்கிய மாகாணத்தில் 'பவர் ஆல்கஹால்' என்ற பெயரில் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கச் சட்டமே போட்டார்கள். சுதந்திரம் வந்த மறுவருடம், 1948இல், மத்திய அரசு இந்தியா முழுமைக்குமாக 'இந்தியன் பவர் ஆல்கஹால் சட்டம்' கொண்டுவந்தது. எத்தனால் கலப்பு என்றால் ஏதோ இன்றைய அரசின் புது யோசனை என்று சண்டை போடுகிறவர்கள், ஆதரிப்பவர்களும் சரி எதிர்ப்பவர்களும் சரி, இந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே 1948இல் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது, அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. டில்லி ஆல்கஹாலை எஞ்சினில் ஊற்றச் சட்டம் போட்ட வருடமே சென்னை அதை மனிதன் வாயிலிருந்து எடுத்தது! நம் மாநிலத்தில் ஆல்கஹால் என்றால் எப்போதும் எக்சைஸ் அதிகாரியும் போலீசும் கூடவே நிற்பார்கள். பிறகு மதுவிலக்கு போனது, வந்தது, மறுபடி போனது, 1983இல் டாஸ்மாக் வந்தது, அந்தக் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். 1948 சட்டம் மட்டும் ஏட்டிலேயே உறங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மொலாசஸ் ஆல்கஹாலுக்கு ரசாயனத் தொழிற்சாலைகளில் நல்ல கிராக்கி, பெட்ரோலோ மலிவு, யார் கலப்பார்கள்? 2000இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அடுத்த வருடமே கலப்புப் பரிசோதனை தொடங்கிவிட்டது.

(ஒரு இடைச்செருகல். எத்தனால் வேறு, மெத்தனால் வேறு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் நம் மதுராந்தகம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பங்கிற்கு வரும் எத்தனாலிலும் குடிக்க முடியாதபடி நஞ்சு சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். வேதியியல் வாத்தியார் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக முடியாது.)

2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் கலக்க உத்தரவு வந்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த முதல் பட்டியலிலேயே உண்டு. அடுத்த வருடமே மொலாசஸ் தட்டுப்பாடு, திட்டம் படுத்துக்கொண்டது. 2006இல் மறுபடி எழுந்தது. பத்து வருடம் தள்ளாடி, 2013-14இல் கூடக் கலப்பு 1.5 சதவீதத்தைத்தான் தொட்டிருந்தது. அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. எத்தனாலுக்கு அரசே விலை நிர்ணயித்தது, 2018 கொள்கையில் கரும்புச் சாறிலிருந்தும் தானியத்திலிருந்தும் காய்ச்ச வழி திறந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம். 2030க்கு என்று வைத்த 20 சதவீத இலக்கை 2025க்கு இழுத்து, எட்டியும் விட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி பிரேசிலுக்குப் போக வேண்டும். ஏனென்றால் என் மாணவனின் வண்டிக்கு அங்கே ஓர் அண்ணன் இருக்கிறது.

1973இல் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது பிரேசில் திணறியது. 1975 நவம்பரில் 'ப்ரோ ஆல்கூல்' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். கரும்பு அவர்களிடம் கடலாகக் கிடந்தது. 1979இல் முழு எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147 சந்தைக்கு வந்தது. அதன் புகை அவர்கள் ஊர்ச் சாராயமான 'கஷாசா' போல மணந்ததால், மக்கள் அந்தக் காருக்குச் 'சின்னக் கஷாசா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்! எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது ஆல்கஹால் கார். அப்புறம் சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரை பக்கம் திரும்பிவிட்டன, 1989இல் பங்குகளில் எத்தனால் இல்லை. கார் வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்று நொந்து போனார்கள். ஆல்கஹால் கார் வாங்குவதையே மக்கள் விட்டுவிட்டார்கள்.

அதற்கு விடையாக வந்ததுதான் 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல் காரில் வந்த 'ஃப்ளெக்ஸ்' எஞ்சின். பெட்ரோலோ, எத்தனாலோ, எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் ஊற்றலாம். எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை வைத்து டேங்கில் என்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துப் பெட்ரோல் அளவையும் பொறி விடும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். மக்களுக்குப் பயம் போனது. பங்கில் எது மலிவோ அதை ஊற்றினார்கள். எந்த எரிபொருள் என்பதை வாங்குகிறவனிடம் விட்டார்கள், அதுதான் அந்த எஞ்சினின் பெருமை என்பது என் எண்ணம்.

அதே 2003இல், அதே பிரேசிலில், பஹியா மாநிலத்துக் கமசாரி என்ற ஊரில் ஃபோர்டு ஒரு குட்டி எஸ்யூவி செய்யத் தொடங்கியது. அதன் பெயர்தான் ஈக்கோஸ்போர்ட். பிறகு அதற்கும் ஃப்ளெக்ஸ் எஞ்சின் வந்தது. அதன் இரண்டாம் தலைமுறையை 2012 ஜனவரியில் டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். 2013 ஜூனில் நம் மறைமலை நகர் ஆலையிலிருந்து இந்தியச் சந்தைக்கு வந்தது. 1999இல் ஐகான் காரோடு தொடங்கிய ஆலை அது. காட்டாங்குளத்தூரிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம். அந்த வண்டிக்கு வந்த முன்பதிவும், மாதக்கணக்கில் நீண்ட காத்திருப்பும், ஷிஃப்ட் பஸ்கள் இரவெல்லாம் ஓடியதும் நம் பகுதிக்காரர்களுக்கு நினைவிருக்கும். இங்கிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேறிய வண்டி.

வெளித்தோற்றம் ஒன்று, வயிறு வேறு. பிரேசில் அண்ணன் சாராயத்தையும் பெட்ரோலையும் எப்படிக் கொடுத்தாலும் செரித்தான். நம் ஊர்த் தம்பி பெட்ரோல் வயிற்றுக்காரன். தம்பியின் மேல்வகையில்தான் அந்த ஈக்கோபூஸ்ட் எஞ்சின்: 999 சிசி, மூன்றே சிலிண்டர், டர்போ, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் முறை, 125 பிஎஸ் சக்தி. எஞ்சின் பிளாக்கை ஒரு ஏ4 தாளில் நிறுத்திவிடலாம். 2012, 2013, 2014 மூன்று வருடமும் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது.

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, அதன் மறுமுனையால் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. பழைய பம்ப் ஸ்டவ்வில் பம்ப் அடித்தால் ஜுவாலை எழும்புமே, அந்த மாதிரி. ஆனால் திணித்த காற்று சூடாகும், சூடானால் தட்டல் வரும். டர்போவின் பரம எதிரி தட்டல்தான். 1962இல் அமெரிக்காவில் டர்போ வைத்து வந்த முதல் கார்களில் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். தட்டலை அடக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கத் தனி டேங்கே வைத்தார்கள். ஜனங்கள் அதை நிரப்ப மறந்தார்கள், கார் தோற்றது.

ஆல்கஹால் ஏன் தட்டலை அடக்குகிறது? ஊசி போடும் முன் நர்ஸம்மா ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்கும்போது ஜில்லென்று இருக்கிறதே, அதுதான் காரணம். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை ஆல்கஹால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உறிஞ்சும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் காற்றே குளிரும். அதோடு எத்தனாலின் ஆக்டேன் 108க்கு மேல். ஆக டர்போவுக்கும் எத்தனாலுக்கும் ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. நம் பரனூர் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலியில், அதாவது காட்டாங்குளத்தூரிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில், டர்போ எஸ்யூவிகளை உருவாக்கும் இன்ஜினியர்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி.

பொருத்தம் இருந்தால் போதுமா, குடும்பம் நடத்தச் செலவு? இங்கேதான் மைலேஜ் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். எத்தனாலில் சுமார் 21, மூன்றில் இரண்டு பங்குதான். பிள்ளைகளா, பேனாவை எடுங்கள். 20 சதவீதக் கலவையில் 0.8 பெருக்கல் 32, கூட்டல் 0.2 பெருக்கல் 21, ஏறத்தாழ 29.8. சுத்த பெட்ரோலைவிட 7 சதவீதம் குறைவு, ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்த 10 சதவீதக் கலவையைவிட மூன்றரை சதவீதம் குறைவு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதிமூன்றரை கொடுக்கும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டரை லிட்டர் கூடுதல், சென்னை விலையில் 260 ரூபாய் சொச்சம். மைலேஜ் பாதியாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். ஒன்றுமே குறையாது என்று சொல்வதும் சரியில்லை. பெட்ரோலிய அமைச்சகமே, கலப்புக்கென்று அமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் குறையும் என்று ஒப்புக்கொண்டது. 2021இல் நிதி ஆயோக் அறிக்கையில் இன்னும் கொஞ்சம் கூடுதலான எண்ணே இருந்தது.

அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. மைலேஜ் குறைவதை ஈடுகட்ட வரிச்சலுகை கொடுத்து இந்தப் பெட்ரோலை மலிவாக விற்க வேண்டும் என்ற யோசனை. அது நடக்கவில்லை. கேட்டால், எத்தனாலின் கொள்முதல் விலையே 2025 ஜூலை கணக்கில் சராசரி 71 ரூபாய் 32 காசு, சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகம் என்கிறார்கள். அந்தப் பணம் கரும்பு விவசாயிக்குப் போகிறது, ஆலைகளின் நிலுவை குறைந்தது என்பதும் உண்மையே. மதுராந்தகம், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பணம் போகிறதென்றால் மாதம் 260 ரூபாய் கொடுக்க எனக்கு மனம் உண்டு. ஆனால் இதை வெளிப்படையாகச் சொல்லி வாங்க வேண்டும். பங்கில் வேறு வகையே வைக்காமல், கேட்காமல் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பிரேசில்காரன் கார் வாங்கும்போதே தேர்வு செய்தான். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. இதைத்தான் உச்ச நீதிமன்றம் வரை ஒருவர் கொண்டுபோனார். 2025 செப்டம்பர் 1 அன்று வழக்கு தள்ளுபடி ஆனது.

தண்ணீர் பிரச்சினை தனி. கரும்பு தண்ணீர் குடிக்கும் பயிர். 2023 மழை பொய்த்தபோது டிசம்பரில் கரும்புச் சாறிலிருந்து எத்தனால் காய்ச்சக் கூடாதென்று அரசே திடீரென்று தடை போட்டது. ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தானே? நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் கத்தத் தொடங்கினார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. ஆக உங்கள் டேங்கில் ஊற்றும் ஐந்தில் ஒரு பங்குக்கும் தட்டில் விழும் ஆம்லெட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது.

இனி வண்டி கெடுமா என்ற கேள்வி. 2008க்குப் பிறகு இந்தியாவில் செய்த வண்டிகளின் குழாய், வாஷர், சீல் எல்லாம் 10 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி செய்தவை. 2023 ஏப்ரலிலிருந்து வந்தவை 20 சதவீதத்தைத் தாங்கும் பொருட்களால் ஆனவை. 2025 ஏப்ரலிலிருந்து வந்தவை எஞ்சின் டியூனிங்கும் அதற்கேற்றவை. என் மாணவனின் ஈக்கோஸ்போர்ட் நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை. அதற்கு நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. ஈசியூ வைத்த வண்டி புகையை மோந்து பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.1 பங்கு காற்று என்பது 13.5 ஆக வேண்டும், அவ்வளவுதான். அந்தத் திருத்தம் அதன் வரம்புக்குள் சுலபமாக அடங்கும். இதே ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினை 2016இல் பிரேசிலில் ஃபியஸ்டா காரில் வைத்து விற்றார்கள். அங்கே அப்போது சாதாரண பெட்ரோல் என்பதிலேயே 27 சதவீதம் எத்தனால் இருந்தது. அதை அந்த ஊருக்கென்று அமைத்து விற்றிருப்பார்கள், அப்படியே நம் வண்டிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எஞ்சினின் அடிப்படை வடிவம் எத்தனாலைக் கண்டு ஓடுகிற ஜாதி இல்லை என்பதற்கு அது சாட்சி. பெட்ரோல் குழாய், ரப்பர் சீல்கள், பெட்ரோல் பம்ப் இவற்றை சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள், கசிவோ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை டர்போ எஸ்யூவிக்காரர்களைப் பற்றி இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வருவதற்கு முன் விற்ற கார்புரேட்டர் வைத்த ஸ்கூட்டரும் பைக்கும்தான். அவற்றில் ஈசியூ கிடையாது, மோந்து பார்க்க மூக்கு கிடையாது. கலவை மெலிந்து ஓடும், சூடேறும், காலையில் கிக்கர் உதைக்க உதைக்க ஸ்டார்ட் ஆகாது. காய்கறிக் கூடை கட்டிக்கொண்டு பொத்தேரி மார்க்கெட்டுக்குப் போகிறவர் வண்டி அது. அவருக்காக யூடியூபில் யாரும் வீடியோ போடுவதில்லை. ரொம்ப நாள் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியிலும் கவனம் வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் கூடினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து தங்கும், பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த பங்கில் முதல் நாளே போய் ஃபுல் டேங்க் போடாதீர்கள்.

இப்போது அந்த டியூனிங் கேள்வி. எத்தனாலின் ஆக்டேனைப் பயன்படுத்திப் பொறியை முன்கூட்டி விட்டு, டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும் என்பது தத்துவப்படி சரிதான். ஆனால் தம்பி, இதைக் கவனி. பங்கில் வரும் பெட்ரோலின் ஆக்டேன் மொத்தம் 95. எத்தனாலை நம்பி, அடியில் இருக்கும் பெட்ரோலை 84 ஆக்டேன் அளவிலேயே விடுகிறார்கள் என்று அரசின் விளக்கத்திலிருந்தே தெரிகிறது. நீ நினைக்கிற கூடுதல் ஆக்டேனில் பெரும்பகுதியை சுத்திகரிப்பு ஆலை ஏற்கெனவே செலவு செய்துவிட்டது. மிச்சத்தை நம்பி அழுத்தத்தை ஏற்றினால், ஒரு நாள் ஏதோ ஒரு நெடுஞ்சாலைப் பங்கில் கலவை சரியில்லாமல் போனால், மேம்பாலம் ஏறும்போது மூன்று சிலிண்டரில் ஒன்று தட்டும். குட்டி டர்போ எஞ்சினில் குறைந்த வேகத்தில் அதிக பாரம் கொடுத்தால் பொறிக்கு முன்பே தீப்பிடிக்கும் நோய் வேறு உண்டு. அதற்கு ஒரு தடவையே போதும். உதிரிபாகம் தேடி நீ எங்கே அலைவாய்? செய்த ஆலையே இல்லை. கம்பெனிக் கணக்கை மீறி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது, இன்சூரன்ஸ்காரனும் கைவிரிப்பான். ஒர்க்‌ஷாப்காரர் இருபது குதிரை என்று சொன்னதற்கு எழுத்தில் உத்தரவாதம் கேட்டுப் பார், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுது. என் பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் கூலன்டும் பிளக்கும் எஞ்சின் ஆயிலும் மாற்று. எண்ணெயில் நனைந்தே ஓடும் அந்த டைமிங் பெல்ட்டைக் கெடு பார்த்து மாற்று. அந்த எஞ்சின்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஆலை என்றதும் ஒன்று. 2021 ஜனவரியில் ஃபோர்டு பிரேசில் ஆலைகளை மூடுவதாக அறிவித்தது, கமசாரியும் போனது. அதே வருடம் செப்டம்பர் 9 அன்று இந்தியாவுக்கான அறிவிப்பு. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வருடத்தில் ஓலை. இங்கே 2022 ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியேறியது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1988இல் மூடியபோதும் இந்தப் பகுதி வீடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தவன் நான். கமசாரி ஆலையை இப்போது சீனாவின் பிஒய்டி மின்சாரக் கார் கம்பெனி எடுத்திருக்கிறது. மறைமலை நகருக்கு 2025 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, கார் இல்லை, எஞ்சின் மட்டும், 2029இலிருந்து, வருடத்துக்கு 2,35,000 எஞ்சின். பழைய ஆட்களில் யாரையாவது கூப்பிடுகிறார்களா என்று தெரிந்தால் குழுவில் போடுங்கள். அந்த ஈக்கோஸ்போர்ட்காரன் கேட்கச் சொன்னான்.